எலுமிச்சம்பழமும் எரிந்த கலமும்

தலை கவிழ்ந்திருக்கிறது, கரங்கள் குவிந்திருக்கின்றன, கண்முன்னே இருப்பதோ தெய்வச் சிலையன்று, விண்கலத்தின் சிறு மாதிரி உருவம்! கஸ் கிரிசம், எட் ஒயிட், ரோஜர் சாஃபி எனும் அமெரிக்க விண்வெளி வீரர் மூவரும், 1966-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், அப்போலோ கலத் திட்டத்தின் மேலாளர் ஜோசப் ஷேயிடம் அளித்த நிழற்படம் அது. உம்மீது நம்பிக்கையில்லாமல் அல்ல, இம்முறை உமக்கும் மேலே இருப்பவரிடம் முறையிடுகிறோம் என்பது அப்படத்தின் குறும்பு.

பக்திப் படமன்று அது. கேலிப் போர்வை போர்த்திய கவலை. மதப்பற்றுள்ளோரும் அவர்களுள் இருந்தனர். எனினும், ஐயம் எழுந்தபோது அதைப் பொறியாளர் முன்னேதான் வைத்தனர். கலத்தினுள் நைலான் வலைகளும் ஒட்டுப் பட்டைகளும் மலிந்து கிடக்கின்றனவே, தீப்பிடித்தால் என்ன ஆவது என்று கேட்டனர். அகற்றுக என்று ஷே ஆணையிட்டார். ஆணை நிறைவேறிற்றா என்று தொடர்ந்து பார்ப்பார் இல்லை.

கிரிசம் கோழையா? 1961 ஜூலையில் விண்வெளி சென்று திரும்பி, கடலில் இறங்கிய அவருடைய கலத்தின் கதவு எதிர்பாராது வெடித்துத் திறந்தது, கலம் மூழ்கிற்று, அவர் நீரில் தத்தளித்து உயிர் பிழைத்தார். அப்படிப்பட்டவர் 1965-இல் ஜெமினி 3 கலத்தில் மீண்டும் பறந்தார். சாவை அருகிருந்து பார்த்தவரின் அச்சம், பேய்க்கதை கேட்டு நடுங்குவோரின் அச்சம் போன்றதன்று. எந்தக் கம்பி, எந்தத் திருகு, எந்தக் கதவு என்று சுட்டிக் காட்டும் அச்சம் அது.

1967 ஜனவரியில், தம் வீட்டு மரத்து எலுமிச்சம்பழம் ஒன்றைப் பறித்துச் சென்று, கேப் கென்னடியில் இருந்த பயிற்சிக் கலத்தில் தொங்கவிட்டார் கிரிசம். பழுதான எந்திரத்தை எலுமிச்சை என்று இகழ்வது அமெரிக்கர் வழக்கு. நம் நாட்டிலும் எலுமிச்சைக்குப் பஞ்சமில்லை! சக்கரத்தின் கீழ் வைத்து நசுக்குகிறோம். பிரேக் பிடிக்கிறதா என்று பாராமலே வண்டியைக் கிளப்புகிறோம். கிரிசம் தொங்கவிட்டது திருஷ்டி கழிக்க அன்று, குற்றம் சாட்ட.

சில நாட்களே சென்றன. ஜனவரி 27 மாலை, ஏவுதளத்தில் ஒத்திகை. ராக்கெட்டில் எரிபொருள் இல்லை. ஆகவே ஆபத்தான சோதனை என்ற பட்டியலில் அது சேர்க்கப்படவில்லை. கலத்தினுள்ளோ, வெளிக்காற்றினும் சற்று மிகுந்த அழுத்தத்தில் தூய பிராணவாயு! அதில் சிறு பொறியும் பெருநெருப்பாகும். கதவு உள்நோக்கித் திறப்பது. உள்ளழுத்தமே அதை இறுக அடைத்துக்கொள்ளும். இடையூறு ஏதுமின்றித் திறக்கவே 90 வினாடிகள் வேண்டும். தீ அவ்வளவு அவகாசம் தருமா? வெளியே இருந்தோர் புகையிலே போராடிக் கதவைத் திறக்க ஏறத்தாழ ஐந்து நிமிடங்கள் ஆயின. மூவரும் மாண்டு கிடந்தனர்.

விதி என்று கூறி வீட்டுக்குப் போய்விடவில்லை ஆய்வுக் குழுவினர். கலத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்தனர். முதற்பொறி எங்கே தோன்றியது என்பதை அறுதியிட்டுக் கூற இயலவில்லை. மின்கம்பிகள் மீதே ஐயம் சென்றது. எரியும் பொருள்கள், பிராணவாயு, கதவு ஆகிய அனைத்தையும் குற்றக் கூண்டில் ஏற்றினர். எளிதில் எரியாத துணிகள் வந்தன. ஏவுதளத்தில் பிராணவாயுவுடன் நைட்ரஜனும் கலக்கப்பட்டது.

1968 அக்டோபரில் அப்போலோ 7 மூவரைச் சுமந்து புறப்பட்டது. கிரிசமுக்கு மாற்றாக அமர்த்தப்பட்டிருந்த வால்ட்டர் ஷிரா அதன் தலைவர். அக்கலத்தின் கதவு வெளிநோக்கித் திறப்பது. திறக்கச் சில வினாடிகளே போதும்.