கரும்புத் தோட்டத்தில் பாரதக் கூத்து

புதுச்சேரியில் நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் நடுவே, பெரிய மார்க்கெட்டில் மஞ்சள், குங்குமம், கற்பூரம், சாமிக்கான பட்டுத்துணி விற்கும் சந்துகளில், பிரெஞ்சு பேசும் தமிழ் முகங்களைப் பார்க்கலாம். இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனிலிருந்து கோயில் சாமான் வாங்க வருகிறவர்கள் அவர்கள். விலை கேட்கக்கூடத் தமிழ் வராது. ஆனால் அவர்களில் சிலருக்குப் பாரதப் பாட்டு விடிய விடியப் பாட வரும்.

1848இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கூலிகள் கப்பலேறினார்கள். 1853 மே மாதம் ‘ஒரேலி’ என்ற கப்பல் முதல் கூட்டத்தைக் கரீபியன் தீவான மார்த்தினிக்கில் இறக்கியது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அதே கப்பல் பக்கத்துத் தீவான குவாதலூப்பைத் தொட்டது. குவாதலூப்புக்கு மட்டும் சுமார் 42,000 பேர். ரெயூனியனுக்குப் போக்கு அதற்கு முன்பே, 1828இலேயே தொடங்கிவிட்டது. 1882இல் பிரிட்டிஷ் அரசு தடுக்கும்வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். பெரும்பாலோர் திரும்பவில்லை.

அங்கே மாரியம்மனுக்கும் மதுரைவீரனுக்கும் பூசை போட்டார்கள். கடலில் காப்பவர் என்று நாகூர் ஆண்டவருக்குக் கொடிமரம் நட்டார்கள். பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் ஆயிற்று, பெயர் மாறிற்று, வீட்டுப் பேச்சு கிரியோல் ஆயிற்று. பேச்சு போன பிறகும் பாட்டு போகவில்லை. காரணம், பாட்டு அவர்களுக்குப் பொழுதுபோக்கல்ல, வழிபாட்டின் உறுப்பு. தீமிதிக்கு முன் பாஞ்சாலி கதை பாடப்பட்டாக வேண்டும். பாடாமல் தீயில் இறங்க முடியாது. ஆகவே தமிழ்ப் பாட்டை ஒலி கேட்டு ரோமன் எழுத்தில் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார்கள். ‘வர்த்தியால்’ என்று அங்கே அழைக்கப்படும் வாத்தியார் அந்த நோட்டை வைத்துப் பாட, கிரீடம் வைத்த வேடக்காரர்கள் ஆடினார்கள். ‘பால் தமூல்’ (தமிழ் ஆட்டம்) என்று ரெயூனியனில் பெயர் பெற்றது நம் தெருக்கூத்தே. குவாதலூப்பில் அதற்கு ‘நத்ரோன்’ என்று பெயர். மத்தளமும் தாளமும் இரண்டு இடத்திலும் உண்டு.

பொருள் தெரியாமல் பாடுகிறார்களே என்று குறை சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மூன்று நான்கு தலைமுறை, யாரும் சொல்லிக்கொடுக்க இல்லாத இடத்தில், ராகத்தையும் அடவையும் செவிவழியே காத்தவர்கள் அவர்கள். அதைவிட முக்கியமான ஒன்றையும் செய்தார்கள். இங்கே தப்பு அடித்தவரைச் சேரிக்குள் நிறுத்தி வைத்தோம். அவர் அடித்த மேளத்தையும் சாவுக்கென்று ஒதுக்கினோம். சாதிக் கட்டு தளர்ந்த தோட்டங்களில் அந்தத் தப்பு அம்மன் முன் நின்றது. நெருப்பில் வாட்டித் தோலை முறுக்கேற்றி, இன்றும் சாமியை அழைப்பது அந்த ஒலிதான். ஊரில் நாம் கொடுக்காத மரியாதையை அவர்கள் கடல் கடந்து கொடுத்தார்கள்.

ரெயூனியனின் தோட்டத்து மண்ணில் பிறந்த மலோயா இசையிலும் இந்தத் தாளம் கலந்தது. மலோயாவை யுனெஸ்கோ 2009இல் மானுட மரபுப் பட்டியலில் சேர்த்தது. 1979இல் ‘சிஸ்ககான்’ என்ற மலோயா இசைக்குழுவைத் தொடங்கிய கில்பெர் புனியா இந்த மரபில் வந்தவர்.

அண்மைப் பத்தாண்டுகளில் இந்தியாவிலிருந்து குருக்களும் சிற்பிகளும் நடன ஆசிரியர்களும் ரெயூனியனுக்குப் போனார்கள். கர்நாடக இசையும் பரதமும் பரவின. மகிழ்ச்சிதான். ஆனால் அவை வந்ததால் வர்த்தியாலின் நோட்டு நாட்டுப்புறச் சரக்காகத் தாழ்ந்துவிடக் கூடாது என்பது என் கவலை.

புதுச்சேரி, விழுப்புரம் பக்கத்துக் கூத்து வாத்தியார் ஒருவரும் தீவின் வர்த்தியால் ஒருவரும் ஒரே களரியில் உட்கார்ந்து துகிலுரிதல் பகுதியைப் பாடி, இரண்டையும் ஒலிப்பதிவு செய்ய வேண்டும். இங்கே நூற்றைம்பது ஆண்டில் நாடக மேடையும் சினிமாவும் கூத்தின் மெட்டுகளில் ஊடுருவிவிட்டன. அங்கே அந்தச் செல்வாக்கு மிகப் பின்னால்தான் போயிற்று. கப்பலேறிய காலத்துக் கூத்துப் பாட்டின் சில மெட்டுகள் ரோமன் எழுத்து நோட்டுகளைப் பார்த்துப் பாடும் தொண்டைகளில் இன்னும் இருக்கக்கூடும். பாடத் தெரிந்தவர்கள் இரண்டு கரையிலும் முதியவர்கள். இந்தப் பதிவு அவர்கள் காலத்திலேயே நடந்தாக வேண்டும்.