மணல், பலகை, அட்டை, திரை: தமிழ்நாட்டு வகுப்பறைக் கருவிகள்

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் முதலில் மணலில்தான் எழுதிப் பழகினார்கள். தரையில் பரப்பிய மணலில் ஆசிரியர் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுத்தை வரைவிப்பார். பிறகு பிள்ளை அதே வரிவடிவத்தின்மேல் தானே விரலை ஓட்டிப் பழகும். தவறினால் தடவிவிட்டு மறுபடி எழுதலாம், செலவு ஏதுமில்லை. கை திருந்திய பிறகே ஓலையும் எழுத்தாணியும் வந்தன. கணக்குக்கு எண்சுவடி இருந்தது. அதில் முழு எண்களோடு முந்திரி (1/320), காணி (1/80), மா (1/20) ஆகிய பின்னங்களின் வாய்பாடும் உண்டு. நெல் அளக்கவும் நிலம் அளக்கவும் அவை வேண்டியிருந்ததால் பிள்ளைகள் அவற்றை உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்தார்கள். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்கு முறை சொல்லிக்கொடுத்தான்.

இத்தகைய பள்ளிகள் எத்தனை என்று அறிய, சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் மாவட்ட ஆட்சியர்களிடம் விவரம் கேட்டார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி, மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகளில் 1,88,650 பேர் படித்தார்கள்.

மன்றோவின் கணக்கெடுப்புக்கு முன்பே மணல் கடல் கடந்திருந்தது. எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான விடுதியை 1789 முதல் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் நடத்திவந்தார். குதிரையில் சென்ற ஒரு காலையில், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, அதைத் தம் விடுதியிலும் புகுத்த முனைந்தார். விடுதி ஆசிரியர்கள் இசையவில்லை. பெல், ஜான் ஃபிரிஸ்கென் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் தொடக்க வகுப்பை ஒப்படைத்தார். மணலும், மாணவன் மாணவனுக்குக் கற்பிப்பதும் சேர்ந்து ‘மெட்ராஸ் முறை’ ஆயின. இந்தியாவிலிருந்து திரும்பிய பெல் 1797இல் லண்டனில் இதைப் பற்றி நூல் வெளியிட்டார். ஆங்கிலேய ஆசிரியர் ஜோசப் லங்காஸ்டரும் தம் லண்டன் பள்ளியில் மணல் மேசைகளை வைத்தார். 1811இல் அமைந்த நேஷனல் சொசைட்டி, பெல்லின் முறையில் இங்கிலாந்து முழுவதும் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் திறந்தது. ஓர் ஆசிரியர் நூற்றுக்கணக்கானவர்களைக் குறைந்த செலவில் நடத்த முடிந்ததே இம்முறை பரவக் காரணம்.

தமிழ்நாட்டிலோ பத்தொன்பதாம் நூற்றாண்டில் மணலின் இடத்தைச் சிலேட்டும், ஓலையின் இடத்தை அச்சிட்ட புத்தகமும் பிடித்தன. 1854ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கைக்குப் பிறகு அரசு மானியம் பெற்ற பள்ளிகளில் வகுப்புவாரியான பாடத்திட்டமும் ஆய்வாளர் வருகையும் நடைமுறைக்கு வந்தன. ஒரே பாடத்தை எல்லாரும் ஒரே நேரத்தில் படிக்கும் அந்த ஏற்பாட்டுக்குக் கரும்பலகை பொருந்தியது. அது வெளுத்தால் கோவை இலையையும் அடுப்புக்கரியையும் அரைத்துப் பூசிக் கறுப்பாக்குவது கிராமப் பள்ளிகளில் பிள்ளைகளின் வேலை. ஆனால் பலகையில் எழுதும் உரிமை பெரும்பாலும் ஆசிரியருடையது. பிள்ளைகள் பார்த்து எழுதினார்கள்.

கற்கும் கருவியைப் பிள்ளையின் கைக்குத் திருப்பித் தரும் முயற்சிகள் இருபதாம் நூற்றாண்டில் எழுந்தன. 1937இல் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, தக்ளியில் நூல் நூற்பது போன்ற கைத்தொழிலின் வழியே பாடம் நடத்தச் சொன்னது. 1939 நவம்பரில் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி சென்னை அடையாற்றில் உள்ள பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர் பயிற்சி தொடங்கினார். இரண்டாம் உலகப் போரில் இத்தாலி எதிரி நாடானதால் அவரால் ஊர் திரும்ப முடியவில்லை; 1946 வரை இந்தியாவிலேயே, இடையில் கொடைக்கானலிலும், பணியாற்றினார். தடவிப் பார்க்கும் உப்புத்தாள் எழுத்துகளும், பத்து, நூறு, ஆயிரமாகக் கோத்த மணிகளும் அவர் வழியே இங்குள்ள மழலையர் பள்ளிகளுக்கு வந்தன. அரசுப் பள்ளிகளை அவை பெரிதாக எட்டவில்லை. 1987இல் மத்திய அரசு தொடங்கிய கரும்பலகைத் திட்டத்தின் இலக்கே ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், அடிப்படைக் கற்பித்தல் பொருள்கள் என்ற அளவில்தான் இருந்தது.

அரசுப் பள்ளிகளில் பெரிய மாற்றம் செயல்வழிக் கற்றலோடு வந்தது. ஆந்திரத்தின் ரிஷிவேலி கிராமக் கல்வி மையம் ஓராசிரியர் பள்ளிகளுக்காக உருவாக்கிய அட்டை முறையே அதன் மூலம். சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் 2003இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் அதைச் சோதித்தார். அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநரான பின், 2007–08இல் 37,000க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு விரிவாக்கினார்.

இம்முறையில் பாடம் சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டு, ஏணிப் படமாகச் சுவரில் தொங்கும். பிள்ளை தான் நிற்கும் படியை அதில் பார்த்து, அதே படச்சின்னம் உள்ள தட்டிலிருந்து அட்டையை எடுத்து, உரிய குழுவில் போய் அமரும். ஒரு குழுவுக்கு ஆசிரியர் உதவுவார், இன்னொன்றில் சக மாணவர்கள் உதவுவார்கள், வேறொன்றில் பிள்ளை தானே படிக்கும். ஆசிரியரும் பாயில் அமர்ந்தார். சுவரின் அடிப்பகுதியில், பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில், தாழ்நிலைக் கரும்பலகை வந்தது. வருகைப் பதிவையும் பிள்ளைகளே குறித்தார்கள். பல நாள் வராத பிள்ளை விட்ட படியிலிருந்தே தொடரலாம் என்பது இதன் வலிமை. கிழிந்த, தொலைந்த அட்டைகளுக்கு மாற்று உடனே வராததும், பல வகுப்புகளைச் சேர்த்து நடத்தும் ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையின் படியையும் நினைவில் வைக்க வேண்டியிருந்ததும் இதன் சிக்கல்கள். புத்தகமும் வீட்டுப்பாடமும் இல்லாத படிப்பைப் பெற்றோர் பலர் நம்பத் தயங்கினர்.

மின்னணுக் கருவிகள் மேல்வகுப்புகளில் பெருமளவில் நுழைந்தன. 2011 செப்டம்பரில் பிளஸ் டூ மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி தரும் திட்டம் தொடங்கியது. எனினும் பாடநூல்கள் அதை வைத்து எழுதப்பட்டிருக்கவில்லை. 2018இல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடு அச்சிடப்பட்டதால் காணொளி பாடத்தோடு நேரடியாக இணைந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. 2020இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, திறன்பேசியும் இணையமும் இல்லாத வீடுகளுக்கு அதன் வழியே பாடம் சென்றது. அது ஒருவழிப் பாதை. கேள்வி கேட்கும் வாய்ப்பு பிள்ளைக்கு இல்லை. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில், அந்தந்தத் தெருவில் உள்ள தன்னார்வலர்களே மாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

பள்ளி மூடலால் விழுந்த இடைவெளியைச் சரிசெய்ய 2022 ஜூனில் முதல் மூன்று வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. பின்னர் அது நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. இதில் பிள்ளைகள் வயதுப்படி அல்லாமல் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கப்படுகிறார்கள். ஆடல், பாடல், கதை, பயிற்சிநூல், கையாளும் பொருள்கள் ஆகியவற்றால் பாடம் நடக்கிறது. மதிப்பீட்டை ஆசிரியர் செயலியில் பதிகிறார். அண்மை ஆண்டுகளில் தொடக்கப் பள்ளிகளுக்குத் திறன்மிகு வகுப்பறைகளின் திரைகளும் வந்திருக்கின்றன. அட்டையும் திரையும் இப்போது ஒரே அறையில் இருக்கின்றன. பிள்ளைகளின் நிலையைக் குறிக்கும் ஏணிப் படத்தின் வேலையைச் செயலி ஏற்றிருக்கிறது. அந்தப் பதிவைப் பிள்ளை பார்ப்பதில்லை, ஆசிரியரும் அலுவலர்களும் பார்க்கிறார்கள்.