கழிவுநீரில் நோயின் தடம்: கிரியான் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பேராக் மாநிலத்தின் வடமேற்கு எல்லையில், கிரியான் ஆற்றங்கரையில் அமைந்துள்ள பாரிட் புந்தார் தன் பெயரிலேயே நீரைத் தாங்கி நிற்கும் ஊர். மலாய் மொழியில் 'பாரிட்' என்பது வாய்க்காலைக் குறிக்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வட்டாரத்தில் பெருகிய கரும்புத் தோட்டங்களில், தென்னிந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட தமிழர்கள் உழைத்தனர். புக்கிட் மேரா நீர்த்தேக்கத்தை ஊற்றாகக் கொண்ட கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் 1906இல் நிறைவுற்றபின் நெல்வயல்கள் விரிந்தன. கரும்பு மறைந்து ரப்பர் வந்தது.

கழிவுநீரைச் சோதித்து ஒரு சமூகத்தில் வைரஸ் பரவுவதைக் கண்டறியும் முறை கோவிட் பெருந்தொற்றுக்குப் பின் பரவலாகப் பேசப்படுகிறது. அறிவியலார் இதனை நுட்பமாகக் காண்கின்றனர். வரலாற்று மாணவருக்கோ இது வேறொரு வினாவை எழுப்புகிறது: நோயின் கணக்கில் யார் எண்ணப்படுகின்றனர், யார் விடுபடுகின்றனர்? இக்கட்டுரை அவ்வினாவைத் தோட்டத் தமிழரின் வரலாற்றோடு இணைத்து நோக்க முற்படுகிறது.

தோட்டங்களில் நோய்க் கணக்கு

தோட்டத் தமிழரின் நோய் வரலாற்றை எழுதப் புகுவோர்க்குக் கிடைக்கும் முதன்மைச் சான்றுகள் இரண்டு: மருத்துவமனைப் பதிவேடு, இறப்புப் பதிவேடு. இரண்டுமே மனிதன் படுக்கையில் விழுந்த பின்னர் எழுதப்பட்டவை. நாட்கூலியை இழக்க அஞ்சிக் காய்ச்சலோடு பால்வெட்டச் சென்றவர், நோயுற்று வேறு தோட்டத்திற்கு ஓடிப்போனவர், கப்பலேறி ஊர் திரும்பிய பின் மாண்டவர் ஆகியோர்க்கு அவற்றில் இடமில்லை. டிரசரிடம் வந்து நின்றவரே நோயாளி. வராதவர் நலமுள்ளவர் என்பதே அக்கணக்கின் இலக்கணம்.

இவ்விலக்கணத்தை மீறிய முயற்சியும் உண்டு. 1901 முதல் கிள்ளானில் பணியாற்றிய மருத்துவர் மால்கம் வாட்சன், தோட்டக் குழந்தைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, மண்ணீரல் வீக்கமுற்றோரின் விகிதத்தைக் கணித்தார். மலேரியா ஒரு தோட்டத்தை எவ்வளவு பற்றியுள்ளது என்பதை அவ்விகிதம் காட்டியது. நோயாளியின் வருகைக்குக் காத்திராமல் சமூகம் முழுமையையும் நோக்கிய அம்முறை, இன்றைய கழிவுநீர்க் கண்காணிப்புக்குக் கருத்தளவில் முன்னோடி எனலாம்.

கழிவுநீர் சான்றான வரலாறு

1939இல் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, யேல் பல்கலைக்கழகத்தின் ஜான் பால், ஜேம்ஸ் டிராஸ்க் ஆகியோர் சாக்கடை நீரில் அந்நோயின் வைரஸ் இருப்பதைக் குரங்குகளில் செலுத்தி நிறுவினர். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் பிரெண்டன் மூர் என்பவர், மெல்லிய துணிச்சுருளைக் கழிவுநீர்க் குழாய்களுக்குள் தொங்கவிட்டுப் பாராடைபாய்டு கிருமியைத் தேடினார். கிளைக் குழாய்கள் வழியே மேல்நோக்கிச் சென்று, நோயைச் சுமந்தவரின் வீடு வரை எட்டலாம் என்பதை 1948இல் அவர் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

இம்முறை இளம்பிள்ளைவாதத்திற்கே மிகவும் பொருந்தியது. அவ்வைரஸ் தொற்றியவர்களில் ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கே கைகால் செயலிழக்கிறது. ஏனையோரில் பெரும்பாலோர் தம்மைத் தொற்றியதை அறிவதேயில்லை. ஆயினும் அவர்தம் மலத்தில் வைரஸ் வாரக்கணக்கில் வெளியேறுகிறது. மருத்துவமனை காணாத 199 பேரைச் சாக்கடை காண்கிறது என்பதே இதன் உட்பொருள். இந்தியாவில் மும்பை நகரின் கழிவுநீர் 2001 முதல் இவ்வாறு சோதிக்கப்பட்டது. 2013இல் இஸ்ரேலில் ஒரு குழந்தைக்கும் வாதம் ஏற்படாத நிலையிலேயே கழிவுநீரில் வைரஸ் கண்டறியப்பட்டு, சொட்டு மருந்து இயக்கம் தொடங்கப்பெற்றது.

மலேசியாவும் இதற்குப் புறம்பன்று. 1992க்குப் பின் இளம்பிள்ளைவாதம் காணாத இந்நாட்டில், 2019 டிசம்பரில் சபா மாநிலத்தின் துவாரானைச் சேர்ந்த மூன்று மாதக் குழந்தைக்கு அந்நோய் உறுதிசெய்யப்பட்டது. தடுப்பு மருந்து வைரஸிலிருந்து திரிந்து உருவான அது, பிலிப்பைன்ஸில் பரவியதோடு மரபுத் தொடர்புடையது. தொடர்ந்து சபாவில் எடுக்கப்பட்ட சுற்றுச்சூழல் நீர் மாதிரிகளிலும் வைரஸ் தென்பட்டது. அப்பரவல் முடிவுற்றதாக 2021இல்தான் அறிவிக்கப்பட்டது.

கோவிட் காலத்தில் இம்முறை உலகெங்கும் பரவியது. நெதர்லாந்தின் அமெர்ஸ்பூர்ட் நகரில், அங்கு நோயாளர் எவரும் அறிவிக்கப்படும் முன்னரே, 2020 மார்ச்சுத் தொடக்கத்தில் கழிவுநீரில் கொரோனா வைரஸின் மரபுக்கூறு கண்டறியப்பட்டது. அகமதாபாத், ஹைதராபாத், சென்னை ஆகிய நகரங்களிலும் இத்தகைய ஆய்வுகள் நிகழ்ந்தன.

குழாய் சேராத இடங்கள்

மேற்கண்ட நகரங்களுள் பலவற்றுக்கும் பொதுவான ஒன்றுண்டு: அங்கு நிலத்தடிக் குழாய்கள் பல்லாயிரம் வீடுகளின் கழிவை ஓரிடத்தில் சேர்க்கின்றன. தோட்டப்புறங்களின் நிலை வேறு. லயத்து வீடுகளின் குடிநீர், வடிகால், கழிவறை ஆகியவற்றுக்குக் குறைந்தபட்சத் தரத்தை வரையறுக்கும் தனிச்சட்டம் 1966இல் வந்தது. இன்றும் சிறு நகரங்களைச் சூழ்ந்த கம்பங்களிலும் தோட்டங்களிலும் வீட்டுக்கு வீடு மலத்தொட்டிகளே மிகுதி. பெருநகரச் சுத்திகரிப்பு நிலையங்களில் மட்டும் மாதிரி எடுப்பின், டிரசரின் பதிவேட்டில் விடுபட்டோரின் பேரப்பிள்ளைகள் புதிய கணக்கிலும் விடுபடுவர்.

இதற்கு வழியில்லாமலில்லை. பாகிஸ்தானிலும் ஆப்பிரிக்க நாடுகளிலும், குழாய் அமைப்பு இல்லாத குடியிருப்புகளில், திறந்த வாய்க்கால்களிலிருந்தே இளம்பிள்ளைவாத ஆய்வுக்கான மாதிரிகள் எடுக்கப்படுகின்றன. அவ்வகையில் நோக்கின், 'பாரிட்' என்பதும் ஆய்வுக்குரிய இடமே. மழைநீர் கலந்து வைரஸின் அளவு நீர்த்துப்போகும் என்பது உண்மையாயினும், அது மாதிரி எடுக்கும் காலத்தையும் இடத்தையும் ஆராய்ந்து தெரிவதற்கான காரணமேயன்றி விட்டுவிடுவதற்கான காரணமன்று.

பிறிதொரு எச்சரிக்கையும் தேவை. பல்லாயிரம் பேரின் கழிவு கலக்குமிடத்தில் தனிமனிதர் மறைந்துவிடுகிறார். நாற்பது வீடுகள் மட்டுமே உள்ள ஒரு லயத்தில் அவ்வாறு மறைய இயலாது. மூரின் துணிச்சுருள் ஒருவரது வாசல் வரை சென்றதை இங்கு நினைவுகூர்தல் தகும். நோயின் காரணத்தை வீட்டு வசதியின் குறைவில் காணாது, கூலிகளின் 'தூய்மையின்மை'யில் கண்ட குடியேற்றக்கால மனப்பான்மையை நாம் அறிவோம். சிறு குடியிருப்பின் முடிவுகள் அதன் பெயரோடு வெளியிடப்படின் அப்பழி புதுவடிவில் திரும்பக்கூடும். ஆகவே, மாதிரி எடுக்கும் முன் மக்களிடம் விளக்குதலும், கண்டறிந்தபின் தடுப்பூசியும் நல்ல நீரும் சென்று சேர்தலும் இம்முறையின் பிரிக்கவியலாப் பகுதிகளாதல் வேண்டும்.

முடிவுரை

பதிவேடு வந்தவரை எண்ணியது. மண்ணீரல் கணிப்பு குழந்தைகளை எண்ணியது. கழிவுநீர், குழாய் சேர்ந்த அனைவரையும் எண்ணுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் கணக்கின் எல்லை விரிந்துள்ளது. ஒவ்வோர் எல்லைக்கும் வெளியே சிலர் நின்றுள்ளனர். அவ்வாறு நின்றோர் யாவர் என்பதைக் கூறுவது வரலாற்றுத் துறையின் கடமை. மூடப்பட்ட தோட்ட மருத்துவமனைகளின் ஏடுகளைத் தேடிக் காத்தலும், முன்னாள் டிரசர்கள், மருத்துவச்சிகள் ஆகியோரின் நினைவுகளைப் பதிவுசெய்தலும் தமிழாசிரியர்களும் மாணவர்களும் தத்தம் ஊரிலேயே தொடங்கக்கூடிய பணிகளாகும். எங்கு மாதிரி எடுக்க வேண்டும் என்று சுகாதாரத் துறையினர் வினவும் நாளில், விடையளிக்கும் வரைபடம் அத்தகைய ஆவணங்களிலிருந்தே உருவாகும்.