ஏரியில் தெரிந்த வெள்ளை விழி

மடகாஸ்கர் தீவின் மிகப் பெரிய ஏரி அலோட்ரா. 1930-களில் அங்குச் சென்ற பறவையியலார், முக்குளித்து இரை தேடும் வாத்து ஒன்றைச் சாதாரணமாகவே கண்டனர். அதுவே மடகாஸ்கர் போச்சார்டு. கருஞ்செம்பழுப்பு உடல், வெண்மையான வயிறு, பறக்கையில் சிறகில் மின்னும் வெண்பட்டை ஆகியன இதன் அடையாளங்கள். ஆணின் விழி வெள்ளை. பெண்ணின் விழி பழுப்பு. தொலைவிலிருந்து நோக்குவோருக்கு இப்பறவையை ஐயமற உணர்த்துவது அந்த வெள்ளை விழியே.

காலம் செல்லச் செல்ல ஏரிக்கரை நாணல்கள் நெல்வயல்களாயின. மரங்களை இழந்த குன்றுகளின் மண் நீரைக் கலக்கியது. வெளியிலிருந்து கொணர்ந்து விடப்பட்ட மீன்கள் நீர்த்தாவரங்களை அழித்தன. வலைகளும் வேட்டையும் எஞ்சியவற்றைக் குறைத்தன. பசித்த மக்களுக்குச் சோறிட்ட வயல்களை எளிதில் பழித்துவிட முடியாது. ஆயினும் இழப்பு இழப்பே. 1991-இல் அலோட்ராவில் ஓர் ஆண் வாத்து மட்டும் பிடிபட்டது. தலைநகர் அன்டனானரிவோவின் பூங்காவில் வைக்கப்பட்ட அதுவும் 1992-இல் இறந்தது. இனமே அற்றுப்போயிற்று என்று பலரும் அஞ்சினர்.

2006 நவம்பரில், தீவின் வடபகுதியில் வேறொரு பறவையைத் தேடி இருவர் சென்றனர். லில்லி-அரிசோன் ரெனே தெ ரோலானும் அவருடைய துணைவரும் நாடியது பூனைப்பருந்தை. மட்சபொரிமெனா என்னும் சிறிய எரிமலை ஏரியில் அவர்கள் கண்டதோ ஒன்பது முதிர்ந்த போச்சார்டுகளையும் நான்கு குஞ்சுகளையும்!

மகிழ்ச்சியோடு கவலையும் வந்தது. ஆழமான அந்த ஏரியில் குஞ்சுகளுக்குப் போதிய இரை இல்லை. பெரும்பாலானவை பட்டினியால் மடிந்தன. அழகிய புகலிடம் உண்மையில் கடைசி ஒதுங்கிடமாகவே இருந்தது. ஆகவே 2009-இல் முட்டைகள் சில எடுக்கப்பட்டு, குஞ்சுகள் பாதுகாப்பில் வளர்க்கப்பட்டன. அவ்வழியில் பெருகியவற்றுள் 21 வாத்துகள் 2018 டிசம்பரில் சோஃபியா ஏரியில் விடப்பட்டன. அந்த ஏரியைக் காக்கும் பணியில் கரைவாழ் மக்களும் பங்காளிகளாயினர்.

அலோட்ராவிலேயே வாழ்ந்த முக்குளிப்பான் இனம் ஒன்றுக்கு இப்பேறு வாய்க்கவில்லை. 2010-இல் அது அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. ஒரே ஏரியின் இரு பறவைகள்; ஒன்று பிழைத்தது, மற்றொன்று மறைந்தது. காணவில்லை என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல என்று முதற்பறவை கற்பிக்கிறது. எப்போதும் இரண்டாம் வாய்ப்புக் கிட்டும் என்று நம்பியிருக்கலாகாது என்று மற்றது எச்சரிக்கிறது. நாம் இரண்டையும் மறவாதிருத்தல் நன்று.