குடிலுக்குள் யார் எப்போது வந்தார்கள்?

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் எங்கள் வேதபாடக் குழுவில் நான் பாடம் எடுக்கும் முறை கொஞ்சம் விளையாட்டுப் போலத்தான் இருக்கும். குடில் பொம்மைகளை மேசையில் பரப்பிவிட்டு, "வேதாகமத்தில் இல்லாதவர்களை எடுத்துக் கீழே வையுங்கள்" என்பேன். ஒரு பொம்மையை மேசையில் விட்டுவைக்க வேண்டுமென்றால் வசனத்தைக் காட்ட வேண்டும். புரட்ட வேண்டியது லூக்கா 2, மத்தேயு 2 என்ற இரண்டே அதிகாரங்கள். அதற்கே ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

முதலில் இறங்குவது ஒட்டகம். அதற்கு யாரும் வருத்தப்படுவதில்லை. அடுத்து மூன்று ராஜாக்கள். நம் பழைய மொழிபெயர்ப்பில் அவர்கள் சாஸ்திரிகள். ராஜாக்கள் அல்ல, மூன்று பேர் என்றும் இல்லை. பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்றாக இருந்ததால் ஆளும் மூன்றானார்கள். ரோமாபுரியின் நிலத்தடிக் கல்லறைச் சுவர்களில் இவர்களை இரண்டு பேராகவும் நான்கு பேராகவும் வரைந்திருக்கிறார்கள். சிரியக் கிறிஸ்தவர்களின் மரபில் பன்னிரண்டு பேர். இத்தாலியின் ராவென்னா நகரில் 6ஆம் நூற்றாண்டில் அமைத்த மொசைக் சித்திரத்தில் மூன்று பேராக, பாரசீகத் தொப்பியோடு, தலைக்கு மேலே பெயர்களோடு நிற்கிறார்கள். கிரீடம் வந்தது அதற்கும் பின்னால். இன்னொன்றையும் கவனிக்கச் சொல்வேன்: மத்தேயு அவர்களைத் தொழுவத்துக்கு அனுப்பவில்லை, வீட்டுக்குள்தான் அனுப்புகிறார்.

மாட்டையும் கழுதையையும் எடுக்கும்போதுதான் சத்தம் வரும். "மாட்டையும் எடுத்துட்டா பிள்ளைக்குக் குளிராதா தம்பி?" என்று போன வருடம் ஒரு மூத்த அக்கா கேட்டார்கள். லூக்காவில் மாடும் இல்லை, கழுதையும் இல்லை. ஏசாயா 1:3இல் இருக்கின்றன. தன் எஜமானை மாடும் கழுதையும் அறியும், ஜனமோ அறியவில்லை என்பது அங்கே பேச்சு. ஆதிச் சபையார் அந்த வசனத்தை எடுத்துப் பெத்லகேமில் வைத்துவிட்டார்கள். 4ஆம் நூற்றாண்டுக் கல் சவப்பெட்டிச் சிற்பங்கள் சிலவற்றில் குழந்தையும் மாடும் கழுதையும் மட்டுமே உண்டு. மரியாளும் இல்லை, யோசேப்பும் இல்லை! அதைச் சொன்னதும் அக்கா மாட்டைத் திரும்ப எடுத்து வைத்தார்கள். நானும் தடுக்கவில்லை.

அசிசி நகர் பிரான்சிஸ் 1223இல் இத்தாலியின் கிரேச்சியோ கிராமத்தில் நடத்திய ஆராதனையைத்தான் நம் குடில்களுக்கு மூலமாகச் சொல்வார்கள். அங்கேயும் இருந்தவை ஒரு தீவனத் தொட்டி, வைக்கோல், உயிருள்ள ஒரு மாடு, ஒரு கழுதை, அவ்வளவுதான். சில ஆண்டுகளுக்குள் அதை எழுதிவைத்த செலானோ ஊர் தாமஸ், மரியாள் யோசேப்பு வேடத்தில் யாரும் நின்றதாகச் சொல்லவில்லை. மண்பொம்மையும் மரப்பொம்மையுமாகக் குடில் பெருத்தது பிற்பாடு.

இதெல்லாம் சுவாரஸ்யம், சரி. எனக்கு முக்கியமாகப் படுவது பொம்மையே இல்லாத ஒரு ஆள்: சத்திரக்காரன். எல்லா ஊர் நாடகத்திலும் கதவைத் திறந்து "இடமில்லை" என்று சொல்லிச் சாத்துகிறவன். எத்தனை பிரசங்கங்களில் அவனைத் திட்டக் கேட்டிருக்கிறோம்! வசனம் காட்டுங்கள் என்றால் ஒருவராலும் காட்ட முடியாது. லூக்கா சத்திரத்தில் இடமில்லை என்கிறார். சத்திரக்காரனைச் சொல்லவே இல்லை.

அந்தச் "சத்திரம்" என்ற சொல்லையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். நல்ல சமாரியன் உவமையில், லூக்கா 10இல், அடிபட்டவனைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடமும் நம் தமிழில் சத்திரம்தான். கிரேக்கத்தில் இரண்டும் வேறு வேறு சொற்கள். சமாரியன் போனது பந்தோகேயோன், காசு வாங்கிக்கொண்டு தங்கவைக்கும் விடுதி. பெத்லகேமில் வருவது கத்தாலுமா. இதே சொல்லை லூக்கா 22இல் இயேசு சீஷரோடு பஸ்கா புசிக்கக் கேட்ட அறைக்கும் எழுதுகிறார். பொதுவாகத் தங்குமிடம் என்ற பொருளும் அதற்கு உண்டு என்பதால் நம் மொழிபெயர்ப்பாளர்கள் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வீட்டின் விருந்தினர் அறை என்று எடுத்தால் கதையே மாறுகிறது. ஆங்கிலத்தில் பலரும் வாசிக்கும் என்ஐவி மொழிபெயர்ப்பு 2011 பதிப்பில் அப்படியே மாற்றிவிட்டது.

லெபனான், எகிப்து, எருசலேம் என்று நாற்பது ஆண்டுகள் கற்பித்த கென்னத் பெய்லி இதை விரிவாக எழுதியிருக்கிறார். பாலஸ்தீனக் கிராமத்து வீட்டில் குடும்பம் புழங்குவது ஒரே கூடம். அதன் ஒரு ஓரம் தாழ்வாக இருக்கும். இரவில் ஆடுமாடுகளை அங்கே கட்டுவார்கள். தீவனத் தொட்டி இருப்பது வீட்டுக்குள்ளேயே. ஆக, விருந்தினர் அறையில் ஏற்கெனவே ஆள் இருந்ததால் வீட்டார் புழங்கும் கூடத்திலேயே பிள்ளை பிறந்தது என்பது அவர் வாதம்.

எனக்கு இது நம்பும்படியாக இருக்கிறது. யோசேப்பு தாவீதின் வம்சம், வந்தது தாவீதின் ஊர். சொந்தக்காரன் நிறைமாதக் கர்ப்பிணியோடு வந்து நின்றால் எந்தக் கிராமம் கதவைச் சாத்தும்? போதாததற்கு, அவர்கள் அங்கே இருக்கையில் பிரசவ காலம் வந்தது என்றுதான் லூக்கா எழுதுகிறார். வந்து இறங்கிய இரவிலேயே என்று இல்லை.

குழுவில் எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், "அப்போ 2ஆம் நூற்றாண்டுலேயே ஜஸ்டின் குகைன்னு எழுதியிருக்காரே அண்ணாச்சி?" என்று மடக்கினார். நல்ல கேள்வி. பெத்லகேமின் பேராலயமும் குகைக்கு மேல்தான் 4ஆம் நூற்றாண்டில் எழும்பியது. அந்தப் பக்கத்தில் குகையை ஒட்டிக் கட்டிய வீடுகளும் உண்டு என்று பதில் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். ஒப்புக்கொண்டாரா என்று தெரியவில்லை.

பாடம் முடிந்தபின், ஞாயிறுபள்ளி நாடகத்தில் சத்திரக்காரனை எடுத்துவிடலாமா என்று பழக்குகிற டீச்சரிடம் கேட்டேன். "அந்தப் பையனுக்கு இருக்கிறதே ஒரே ஒரு வரி அண்ணாச்சி" என்றார்கள். பையனை எடுக்கவில்லை. வரியை மட்டும் மாற்றினோம். கதவைத் திறந்து, "மேல ரூம்ல ஆள் இருக்கு, உள்ள வாங்க, மாட்டை அந்தப் பக்கம் தள்ளிக் கட்டுறேன்" என்று சத்தமாகச் சொன்னான்.