எலும்பு மஜ்ஜை நோய்களில் பிறழ்ந்த டி செல்கள்

டி செல்லின் மூலம் எலும்பு மஜ்ஜை. அது தேர்ச்சி பெறுவது நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில். கிருமிகளைத் தாக்க வேண்டிய இந்தக் காவல் செல், சில நோய்களில் தன்னை ஈன்ற மஜ்ஜையின் மீதே பாய்கிறது.

1888-இல் ஜெர்மானிய மருத்துவர் பால் எர்லிக், இறந்துபோன இளம் கர்ப்பிணி ஒருவரின் மஜ்ஜை ரத்த செல்களின்றி வெறும் கொழுப்பாகக் கிடந்ததைப் பதிவுசெய்தார். அப்பிளாஸ்டிக் அனீமியா என்று பின்னாளில் பெயர் பெற்ற நோய் அது. காரணத்துக்கான தடயம் எதிர்பாராமல் கிடைத்தது. பிரான்சின் ஜார்ஜ் மாத்தே, டி செல்கள் அடங்கிய லிம்போசைட்டுகளை அழிக்கும் சீரம் கொடுத்துவிட்டுப் பிறர் மஜ்ஜையைச் செலுத்தியதை 1970-இல் வெளியிட்டார். செலுத்திய மஜ்ஜை நிலைக்காதபோதும் நோயாளியின் சொந்த மஜ்ஜை துளிர்த்தது! டி செல்கள் சுரக்கும் காமா இன்டர்ஃபெரான் என்ற புரதம் ரத்த மூலச் செல்களைச் சாகத் தூண்டுவது பிறகு தெளிவானது.

பிறழ்வு எங்கே தொடங்குகிறது? இதற்கு ஒரே விடை இல்லை.

பெருந்துகள் லிம்போசைட் ரத்தப்புற்றில், முதிர்ந்த டி செல்லிலேயே பிழை நேர்கிறது. ஹெல்சின்கி ஆய்வாளர்கள் 2012-இல் ஏறத்தாழ 40% நோயாளிகளிடம் ஸ்டாட்3 மரபணுத் திரிபைக் கண்டனர். தீவிர மைலாய்டு ரத்தப்புற்றிலோ கதை இன்னும் பின்னோக்கிப் போகிறது. 2014-இல் டொராண்டோவில் ஜான் டிக் குழுவினர், சில நோயாளிகளின் இயல்பாகத் தோன்றிய டி செல்களிலும் டிஎன்எம்டி3ஏ மரபணுத் திரிபைக் கண்டனர். புற்றுக்கு முந்தைய மூலச் செல் ஒன்றே புற்றுச் செல், டி செல் ஆகிய இரு வம்சங்களுக்கும் தாய்.