காரணம்: கஞ்சா

கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கலாமா என்ற பேச்சு இந்தியாவில் எப்போது எழுந்தாலும் இரண்டு வாதங்கள் முதலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆதரிப்பவர்கள், “1894லேயே வெள்ளைக்காரன் மூவாயிரத்துச் சொச்சம் பக்கத்துக்கு ஆராய்ந்து, கெடுதல் இல்லை என்று எழுதிவிட்டான்” என்பார்கள். எதிர்ப்பவர்கள், “கஞ்சா இழுத்தவன் கடைசியில் போய்ச் சேரும் இடம் கீழ்ப்பாக்கம்” என்பார்கள். முதல் வாதத்துக்கு ஆவணம் இருக்கிறது. அதைச் சொல்பவர்களில் எத்தனை பேர் புரட்டிப் பார்த்தார்கள் என்பது வேறு விஷயம். எனக்கு இரண்டாவதில்தான் ஆர்வம். கஞ்சாவுக்கும் பைத்தியத்துக்கும் முடிச்சுப் போட்ட காகிதம் எது? அதை எழுதிய கை யாருடையது?

பின்னோக்கிப் போனால் முதலில் தட்டுப்படுவது ஜெனீவா. 1924 நவம்பரில் உலக நாடுகள் சங்கத்தின் ஆதரவில் அங்கே இரண்டாம் அபின் மாநாடு கூடியது. அபினும் கோகெயினும்தான் பேசுபொருள். எகிப்தின் பிரதிநிதி முகமது எல் கிண்டி எழுந்து, கஞ்சாச் செடியின் பிசினான ஹஷீஷையும் பட்டியலில் சேர்க்கவேண்டும் என்றார். தம் நாட்டு மனநோயாளிகளில் 30 முதல் 60 சதவீதம் பேர் ஹஷீஷால் அந்த நிலைக்கு வந்தவர்கள் என்பது அவர் வைத்த வாதங்களில் ஒன்று. முப்பதா, அறுபதா? ஒன்று மற்றதைப்போல் இரு மடங்கு. இவ்வளவு அகலமான கணக்கை ஒரு மளிகைக்கடைக்காரர்கூட ஏற்கமாட்டார். மாநாடு ஏற்றது. 1925 பிப்ரவரியில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் ‘இந்திய ஹெம்ப்’ இடம்பெற்றது. கஞ்சா சர்வதேசக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது இப்படித்தான்.

ஜெனீவாவிலிருந்து இன்னும் பின்னால், எகிப்துக்கே போனால் எதிர்ப்படுவது ஒரு மருத்துவமனைப் பதிவேடு. கெய்ரோவின் அப்பாசியா மனநல மருத்துவமனையை 1890களிலிருந்து நெடுங்காலம் நிர்வகித்தவர் ஜான் வார்னக் என்ற ஆங்கிலேய மருத்துவர். ஹஷீஷ் தரும் பைத்தியம் பற்றி 1903இல் கட்டுரை எழுதியவர். அவர் பார்த்ததெல்லாம் மருத்துவமனைக்குள் வந்து சேர்ந்தவர்களை. வெளியே ஹஷீஷ் புகைத்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போன ஆயிரக்கணக்கானவர்கள் அவர் பதிவேட்டுக்குள் வர வழியில்லை. அவர்களைச் சேர்க்காமல் எடுக்கும் சதவீதத்துக்கு என்ன பொருள்?

இந்தக் கேள்வியை வார்னக்குக்கு முன்பே இந்தியாவில் கேட்டுவிட்டார்கள். கேட்டது மட்டுமல்ல, பதிவேட்டைப் பிரித்துப் போட்டுப் பதிலும் கண்டார்கள்.

1893 மார்ச் 2ஆம் தேதி, லண்டன் காமன்ஸ் சபையில் வில்லியம் ஸ்ப்ரோஸ்டன் கேன் ஒரு கேள்வி எழுப்பினார். லிபரல் கட்சிக்காரர், மதுவிலக்குப் பிரசாரகர், காங்கிரஸுக்கு நண்பர். வங்காளத்தில் கஞ்சா சாகுபடியும் விற்பனையும் மக்களை என்ன செய்கின்றன, தடை செய்வது நல்லதா என்று ஆராய ஓர் ஆணையம் வேண்டும் என்பது அவர் கோரிக்கை. இன்று தடை என்றதும் அரசின் குரல் என்று நினைக்கிறோம். அன்று தடை கேட்டவர் இந்தியர்களின் பக்கம் நின்றவர். வரி வசூலித்துக்கொண்டு விற்கவிட்டது அரசு.

இந்திய அரசு விசாரணையை நாடு முழுவதற்கும் விரித்தது. 1893 ஜூலையில் ‘இந்திய ஹெம்ப் போதைப்பொருள் ஆணையம்’ அமைந்தது. தலைவர் பஞ்சாப் அதிகாரி மேக்வொர்த் யங். உறுப்பினர்களில் கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் வார்டன் உண்டு, இந்தியர்கள் மூவர். 1,193 சாட்சிகள். தோட்டங்கள், கிடங்குகள், கடைகள், பைத்தியக்கார விடுதிகள் என்று ஆணையம் ஊர் ஊராகச் சுற்றியது. கல்கத்தாவில் கன்னிங்ஹாம் என்ற மருத்துவர் குரங்கைப் பெட்டிக்குள் அடைத்துக் கஞ்சாப் புகை கொடுத்து, பிறகு அதன் மூளையை ஆராய்ந்ததும் அறிக்கையில் இருக்கிறது. சென்னை மாகாணமும் தப்பவில்லை. வட ஆர்க்காட்டு ஜவ்வாது மலையும் கிருஷ்ணா மாவட்டத்துத் தக்குபாடும் இங்கே கஞ்சா விளைந்த இடங்களாகப் பதிவாகியிருக்கின்றன. எதைத் தேடிப் போனேன் என்பது மறந்துபோகும் அளவுக்குத் தகவல்கள். எனக்கு வேண்டியது பைத்தியக்கார விடுதிப் பகுதி.

அன்றைய விடுதிகள் ஆண்டுதோறும் ஓர் அட்டவணை அனுப்பவேண்டும்: எத்தனை பேர் சேர்ந்தார்கள், நோய்க்குக் காரணம் என்ன? அந்த அட்டவணைகளில் கஞ்சா ஆண்டுதோறும் கணிசமான இடத்தைப் பிடித்துவந்தது. பார்த்தவர்களுக்கு அது மருத்துவ உண்மை. ஆணையம் கேட்டது, ‘காரணம்’ என்ற அந்தக் கட்டத்தை நிரப்புவது யார் என்று.

பதில் மருத்துவர் அல்ல, போலீஸ். தெருவில் தாறுமாறாகத் திரிந்தவனைக் காவலர்கள் பிடித்து மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோவார்கள். கூடவே ஒரு விவரத்தாள் போகவேண்டும். பெயர், ஊர், சாதி, தொழில், நோயின் காரணம். கட்டம் காலியாக இருந்தால் தாள் திரும்பி வரும். ஊர் பேர் தெரியாத ஆளுக்குக் காரணம் எங்கே தேடுவது? கஞ்சா குடிப்பானா என்று யாரையாவது கேட்பது, தலையாட்டினால் எழுதிவிடுவது. பண்டாரமோ பக்கிரியோ என்றால் கேட்கக்கூட வேண்டியதில்லை. விடுதியின் மருத்துவ அதிகாரி அதைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவார். பெரும்பாலும் அவர் மாவட்ட மருத்துவர். ஜெயில், ஆஸ்பத்திரி, பிரேதப் பரிசோதனைகளுக்கு நடுவே விடுதியையும் பார்த்துக்கொள்பவர். பதிவேட்டிலிருந்து அட்டவணை, அட்டவணையிலிருந்து மாகாண அறிக்கை, அங்கிருந்து லண்டன். ஒவ்வொரு படியிலும் எழுத்து அழகானது. கடைசியில் அச்சேறியபோது அது விஞ்ஞானம்.

ஆணையம் இந்த வழியிலேயே திரும்பி நடந்தது. 1892இல் விடுதிகளில் சேர்ந்த 1,344 பேரில் 222 பேருக்குக் காரணம் கஞ்சா வகைகள் என்று எழுதப்பட்டிருந்தது. அந்த ஆட்களைப் பற்றி அவரவர் ஊர்களில் மறுபடி விசாரிக்கச் சொன்னார்கள். உண்மையில் புகைத்தாரா? புகைக்கும் முன்பே புத்தி பேதலித்திருந்ததா? குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா? விசாரித்துக் கழித்தபின், கஞ்சாவுக்கு நியாயமாகப் பங்கு இருக்கலாம் என்று நின்றது 98 பேரில். அவர்களிலும் கஞ்சா ஒன்றே காரணம் என்று சொல்லத்தக்கவர்கள் 61 பேர். 222 என்பது சேர்ந்தவர்களில் ஆறில் ஒரு பங்கு. 61 என்பது 4.5 சதவீதம்.

காலனிய ஆவணங்களை நம்பிக்கையோடு படிக்கும் பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் இந்தப் பகுதியை எழுதியவர்களிடம் தொழில் சுத்தம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அரசுக்குக் கஞ்சாவில் கலால் வருமானம் இருந்தது, அதனால் ஆணையம் சாதகமாக எழுதியது என்று ஒரு சந்தேகம் உண்டு. நியாயமான சந்தேகம். தடை வேண்டாம், வரியும் உரிமமும் போட்டுக் கட்டுப்படுத்தினால் போதும் என்ற முடிவு கஜானாவுக்கு இனிப்பானதுதான். ஆனால் அந்த 98ஐத் தப்பென்று காட்ட வருமானக் காரணம் போதாது. வேறு பதிவேடு வேண்டும்.

ஆதரவாளர்கள் சொல்வதும் அறிக்கையில் அப்படியே இல்லை. கெடுதல் இல்லை என்று அது சொல்லவில்லை. அளவோடு பயன்படுத்தினால் ஏறத்தாழப் பாதகமில்லை, மிதமிஞ்சினால் உடலும் மனமும் கெடும், ஏற்கெனவே பலவீனமான மனத்தைப் பைத்தியம் வரை கொண்டுபோகலாம் என்பதே அதன் முடிவு. 61 என்பது பூஜ்யமும் அல்ல. வீரியம் கூடிய கஞ்சாவைத் தினமும் புகைப்பவர்களுக்கு மனச்சிதைவு வகை நோய்களின் வாய்ப்பு அதிகம் என்று இன்றைய ஆய்வுகளும் காட்டுகின்றன. இளவயதில் தொடங்கினால் ஆபத்து இன்னும் கூடும்.

1894 ஆகஸ்டில் சிம்லாவில் கையெழுத்தான அந்த அறிக்கை அலமாரிக்குப் போனது. ஜெனீவாவில் எல் கிண்டியின் சதவீதம் வென்றது. 1961 ஐ.நா. ஒப்பந்தம் கஞ்சாவை மிகக் கடுமையான நான்காம் அட்டவணையில் வைத்தது. மருத்துவம் சாராத பயன்பாட்டை நிறுத்த, இந்தியா போன்ற நாடுகளுக்கு ஒப்பந்தம் அமலானதிலிருந்து 25 ஆண்டு அவகாசம். பூவோ காயோ கொண்ட நுனி மட்டுமே கஞ்சா, தனியே பறித்த இலையும் விதையும் ஆகாது என்று அதில் இருந்த வரையறையை நம் 1985 போதைப்பொருள் சட்டம் எடுத்துக்கொண்டது. காசியில், இலையை அரைத்துச் செய்யும் பாங்கை விற்கும் கடைகள் இன்றும் உரிமத்தோடு நடப்பது இந்த ஓட்டையால்தான். அமெரிக்க நெருக்குதலால் ராஜீவ் காந்தி அரசு இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது என்பார்கள். நெருக்குதல் இருந்திருக்கலாம். காகிதத்தில் தெளிவாக இருப்பது வேறு: ஒப்பந்தம் 1964 டிசம்பரில் அமலானது, ஆகவே கெடு 1989 டிசம்பர். இந்தியா நான்காண்டு முன்னதாக முடித்துக்கொண்டது.

அதன்பின் அரசியலில் அங்கங்கே குரல்கள். ஒடிசாவின் ததாகத சத்பதி எம்.பி.யாக இருந்தபோதே தடைக்கு எதிராக வெளிப்படையாகப் பேசினார். பாட்டியாலாவின் தரம்வீர் காந்தி 2016இல் தனிநபர் மசோதாவைக் கையில் எடுத்தார். மருத்துவத்துக்கும் தொழிலுக்குமான சாகுபடியை ஆராய இமாசலப் பிரதேசம் சட்டமன்றக் குழு அமைத்தது. 2024இல் அதன் அறிக்கையைச் சட்டமன்றம் ஏற்றது. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் நான்காம் அட்டவணையிலிருந்து கஞ்சாவை நீக்கியபோது 27 நாடுகள் ஆதரவு, 25 எதிர்ப்பு. ஆதரித்தவற்றில் இந்தியாவும் ஒன்று. இங்கே அதைப் பற்றி நாடாளுமன்றத்தில் பெரிய விவாதம் எதுவும் எழவில்லை.

இன்று போலீஸ் நிரப்பும் கட்டத்தைவிட நல்ல கணக்கு கையில் இருக்கிறது. எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் மத்திய அரசுக்காக நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வு, வீடுவீடாகப் போய்க் கேட்டது. முந்தைய ஓராண்டில் பாங், கஞ்சா, சரஸ் ஏதாவது ஒன்றைப் பயன்படுத்தியவர்கள் சுமார் 3.1 கோடி. அவர்களில் உதவி தேவைப்படும் நிலையில் இருப்பவர்கள் ஏறத்தாழ 72 லட்சம். புகைத்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போகிறவரும் போக முடியாதவரும் ஒரே கணக்கில். வார்னக்கிடம் இல்லாதது இது. தொலைக்காட்சி விவாதங்களில் இந்த எண்களை நான் கேட்டதில்லை. ‘கஞ்சா வேட்டை’யில் பிடிபட்ட கிலோக் கணக்குதான் ஓடுகிறது.

1894 அறிக்கையின் முதல் தொகுதியில் இன்னும் சில பக்கங்கள் இருக்கின்றன. தாகிர்பூர் ராஜா சசி சேகரேஸ்வர் ராய், முசாபர்நகரின் லாலா நிஹால் சந்த் என்ற இரு இந்திய உறுப்பினர்கள், பெரும்பான்மையோடு உடன்படாமல் தனித்தனியே மறுப்புக் குறிப்பு எழுதியிருக்கிறார்கள். தடைக்காக வாதிடுபவர்களுக்கு இந்த அறிக்கையில் கைகொடுக்கக்கூடிய பக்கங்கள் என்றால் இவைதான். அறிக்கையை எதிரியின் ஆவணமாக நினைத்து அவர்கள் திறப்பதில்லை. ஆதரவாளர்கள் முடிவுரையோடு மூடிவிடுகிறார்கள்.